உன் மேல் வாங்கிய சத்தியம்

மக்கா,

முதலில் நான் கவனித்தது உப்பைத்தான். ஒரு மத்தியானம் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். உன் அப்பா தறிக்கூடத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த ரசத்தை ஊற்றிப் பிசைந்து, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்தார். பிறகு நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்ததும் திடுக்கிட்டுப் போனேன். உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலே தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னட்டி இது, ஆஸ்பத்திரிக் கஞ்சியா?" என்று கேட்கிற மனுஷர் அவர். மறுநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடவில்லை. உன் அப்பாவைப் பெற்ற அத்தைக்கு மட்டும் தனியாக எடுத்து உப்புக் கலந்து வைத்துவிட்டு, அவருக்கு அப்படியே ஊற்றினேன். அதையும் சாப்பிட்டார். "போதுமா?" என்றேன். "போதும்" என்றார். முகத்தில் கோபமும் இல்லை, நிறைவும் இல்லை. குளத்துக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் போல இருந்தார். நான் கரையில் நின்று பரிமாறுகிறேன், என் குரல் அவருக்குத் தண்ணீர் வழியாகப் போய்ச் சேருகிறது என்று தோன்றியது.

நீ மகனா மகளா என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் இரண்டு பேரையும் மக்கா என்றுதான் கூப்பிடுவோம், அதனால் எனக்குச் சிரமமில்லை. நீ இன்னும் பிறக்கவே இல்லை. இதை எழுதும்போது என் விலா எலும்புக்குக் கீழே குதிகாலை வைத்து உந்துகிறாய். ஆனாலும் நான் எழுதுவது வளர்ந்து நிற்கிற உனக்கு. உயரமாய், என்னைவிடத் தைரியமாய், ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வேலைக்குப் போய்வருகிற உனக்கு. கண்ணை மூடினால் நீ வருகிறாய். முகம் மட்டும் தெரிவதில்லை. எனக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கட்டுரை எழுதினால் டீச்சர் என்னுடையதைத்தான் வகுப்பில் வாசிப்பார்கள். நான் மேஜைக்கு அடியில் முகத்தை வைத்துக்கொள்வேன். அப்படிப்பட்டவள் உனக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள். நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இருந்து எழுதுகிறேன். உன் அப்பா கூப்பிடு தூரத்தில் ஒரு பெஞ்சில் இருக்கிறார். அவருடைய நீலச் சட்டை இங்கிருந்தே தெரிகிறது. இன்றைக்கு அவர் இருக்கிறார். நீ இதைப் படிக்கிற அன்றைக்கு உன் பக்கத்தில் இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததனால்தான் எழுதுகிறேன். நடந்தது என்ன என்று நீ மற்றவர்கள் வாயால் கேட்கக் கூடாது.

எனக்குச் சொந்த ஊர் ராயகிரி. கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது முதலில் என்னைத் தூங்க விடாதது தறிச் சத்தம்தான். தெரு முழுக்க ஏதாவது ஒரு கூடத்தில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும் என்றாகிவிட்டது. உன் அப்பா பவர்லூம் ஓட்டுகிறவர். அறுந்த இழையை அவர் முடிபோடுகிறதை ஒரு தரம் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். விரலில் எச்சில் தொட்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு உருட்டு உருட்டினார், அவ்வளவுதான், முடிச்சு எங்கே என்று தேட வேண்டும். அந்தக் கைதான் பிறகு காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. சாராயக்கடை எங்கள் தெருவுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் இருந்தது. அதைத் தாண்டாமல் அவர் வேலைக்கும் போக முடியாது, வீட்டுக்கும் வர முடியாது. அவர் குடித்துவிட்டு என்னை அடித்ததில்லை, மக்கா. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பார். மறுநாளும் கேட்பார். கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தைக்கே நிறம் போய்விட்டது. நீ உண்டானது தெரிந்த பிறகு ஒரு நாள் தறிக்கூடத்திலேயே வலிப்பு மாதிரி வந்து விழுந்துவிட்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே உடம்பைத் தேற்றி, பிறகு குடியை விடுவதற்கு என்று தனியாக வைத்தியம் செய்தார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா என்னையும் அத்தையையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை, அதனால் எல்லாக் கேள்வியும் அவள்தான் கேட்பாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். "இனி குடிக்க மாட்டாம்லாம்மா?" என்றாள் அத்தை. "திரும்பக் குடிச்சாலும் குடிக்கலாம். குடிச்சா உடனே இங்க கூட்டிட்டு வாங்க, திட்டாதீங்க" என்றார்கள் டாக்டரம்மா. "இன்னொன்னும் கவனிக்கணும். குடியை விட்ட பிறகுதான் சில பேருக்கு மனசு ரொம்ப வெறிச்சுப் போகும். செத்துரலாம்னு தோணும். ரொம்ப அமைதியா ஆயிட்டா நல்லாயிட்டார்னு நினைச்சிராதீங்க. தனியா விடாதீங்க. சந்தேகமா இருந்தா நேராவே கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு வந்துரும்னு பயப்பட வேண்டாம். உள்ள கெடக்கறத இறக்கி வைக்க ஒரு இடம் குடுக்கீங்க, அவ்வளவுதான்." அத்தை காதில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் சங்கரன்கோவில் வருகிற வரைக்கும் முணுமுணுத்தபடி வந்தாள். "அந்தம்மா வாயில ஒரு நல்ல வார்த்த வராதா? பொழச்சி வந்தவனப் பாத்து சாவுங்காளே. ஏட்டி, நீ அதையெல்லாம் மனசுல வச்சிக்கிடாத." நான் தலையை ஆட்டினேன். ஆனால் வைத்துக்கொண்டேன். எனக்கு வாய்தான் கிடையாது, காது உண்டு.

ஊர் திரும்பி முதல் வெள்ளிக்கிழமை, கோமதியம்மன் கோயிலுக்குப் போனோம். புற்றுமண் எடுத்து அவர் நெற்றியிலும் என் வயிற்றிலும் அத்தை பூசினாள். வெளியே வந்ததும் தேரடிப் பக்கமாகத் தரையில் ஒரு கட்டிச் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். எங்கள் பக்கம் பெரிய வழக்கானாலும் சின்ன வழக்கானாலும் கடைசியில் இதுதான்: எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அத்தைக்கு அது போதவில்லை. "எய்யா, ஒரு கையால சூடத்த அணை. மத்தக் கைய இவ வயித்துல வை. இந்தப் பிள்ள மேல சத்தியமா இனி தொட மாட்டேன்னு சொல்லு" என்றாள். அவளைக் கெட்டவள் என்று நினைக்காதே. பிள்ளையைக் காப்பாற்ற அவளிடம் இருந்த பெரிய ஆயுதம் அதுதான், அதை எடுத்தாள். ஆட்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் கால்கள்தான் தெரிந்தன: செருப்புப் போட்ட கால், போடாத கால், ஒரு ஆட்டின் கால். அவர் கை என் வயிற்றில் சூடாக இருந்தது. "இந்தப் பிள்ள மேல சத்தியமா…" என்று அவர் சொன்னபோது நீ உள்ளே புரண்டாய். அவரும் அதை உணர்ந்தார். முகத்தைப் பார்த்தேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோயிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு மரியாதை வந்தது. "தங்கமா ஆயிட்டாம்லா" என்று தெருவே சொன்னது. பக்கத்து வீட்டுக் கோமதியக்கா தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, உன் அப்பாவைக் காட்டி, "பாத்துக்கிடுங்க. நல்லாப் பாத்துக்கிடுங்க. இவுகளும் ஆம்பளதான்" என்பாள். "நான் என்னத்தப் பாக்க? சினிமாவா ஓடுது?" என்பார் அவர். எல்லோரும் சிரிப்போம். உன் அப்பாவும் உதட்டால் சிரிப்பார். அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது. ஒரு ஆளை இப்படித் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டால், இறங்குவதற்கு அவனுக்குப் படியே இருக்காது. விழத்தான் வேண்டும். நாளைக்கு உன்னையும் யாராவது முழுக்க மாறிவிட்டாய் என்று புகழ்ந்தால், அவர்கள் முன்னால் ஒரு தரம் தவற உனக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இல்லையென்றால் அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொள்ளாதே. நீயும் யாருக்கும் அதைக் கொடுக்காதே.

அவர் சத்தியம் தவறினார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாயில் ஏலக்காயை மென்றுகொண்டு வந்தார். உன்னைச் சுமக்கிற இந்த மாதங்களில் எனக்கு மோப்பம் நாயைப் போல ஆகிவிட்டது. ஏலக்காய்க்கு அடியில் இருந்ததும் எனக்குத் தெரிந்தது. அவர் குழாயடியில் குந்தி வெகுநேரம் முகத்தைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மறுபடி குடித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னிடமிருந்து விலகி நடந்தார். முன்பெல்லாம் என் வயிற்றில் காதை வைத்து, தறி ஓடுகிற மாதிரி டக்கடக்கென்று நாக்கால் சத்தம் போட்டு உன்னை எழுப்புவார். இப்போது வீட்டு நடையில் நான் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு எனக்கு வழி விட்டார், கையில் கொதிக்கிற பாத்திரம் வைத்திருக்கிறவர் மாதிரி. சண்டை இல்லை, சத்தம் இல்லை. உப்பில்லாமல் சாப்பிட்டார். உயிராய் வைத்திருந்த டிரான்சிஸ்டரை, மத்தியானம் இலங்கை வானொலி கேட்காமல் சோறு இறங்காத மனுஷர், கோமதியக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்து, "நீங்க வச்சிக்கிடுங்க அண்ணாச்சி, எனக்குக் கேக்க நேரமில்ல" என்றார். அத்தை பெருமையோடு சொன்னாள், "குடிய விட்டான், கோவத்த விட்டான், இப்பம் ரேடியோவையும் விட்டுட்டான். எம் பிள்ள சாமியாராட்டம் ஆயிட்டான்." வெயில் வெள்ளையாய் அடிக்கிற அந்த மத்தியானங்களில் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அரைத்தூக்கத்தில் ஒரு கனவு திரும்பத் திரும்ப வரும். எங்கள் ஊர்க் குளத்தில் உன் அப்பா இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். நான் கூப்பிடுகிறேன். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, நூல் வருகிறது. வெள்ளை நூல், நீளமாய். அது அவரிடம் போய்ச் சேருமா என்று பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும்.

வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கத்தில் வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். வாசலைத் தாண்டினால் பிள்ளை பிறந்துதான் புருஷன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும், நடுவில் எங்கேயும் தங்கக் கூடாது. புருஷன் கூடவே போய் மாமனார் வீட்டில் தங்கினால் ஊர் சிரிக்கும். எங்க அப்பா ராயகிரியிலிருந்து சொந்தக்காரப் பெண்களோடு காலையிலேயே வந்துவிட்டார். முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல்கள். கன்னத்தில் சந்தனம் காய்ந்து இழுத்தது. ஐந்து வகைச் சோறு வாசம், பிச்சிப்பூ வாசம், வேர்வை. "ஏட்டி, கைய நீட்டு. வெக்கப்பட்டா வளையலு உடையும்" என்றாள் கோமதியக்கா. "இவ பேசாம பேசாம இருந்து, பொறக்கப்போற பிள்ள மொத்தப் பேச்சையும் பேசித் தீக்கப்போகுது பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். என்னைச் சுற்றி எல்லாம் மெதுவாக, தூரத்தில் நடப்பது போல இருந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, வாசலில் எங்க அப்பாவிடம் உன் அப்பா சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மாமா, பிள்ள பொறந்தா உங்க வீட்டுலயே வளரட்டும். அங்கன காத்து நல்லாயிருக்கு."

"ஏன் மாப்ள, நீங்க எங்க போறீங்க? துபாய்க்கா?"

எங்க அப்பா தன் கேலிக்குத் தானே சிரித்தார். உன் அப்பாவும் சிரித்தார். அது கோமதியக்கா முன்னால் சிரிக்கிற அதே உதட்டுச் சிரிப்பு. உப்பு, டிரான்சிஸ்டர், சுவரோடு ஒட்டின நடை, இந்தப் பேச்சு எல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து நின்றன. டாக்டரம்மா சொன்னது அப்படியே காதில் விழுந்தது. தனியா விடாதீங்க. நான் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் போகிறேன், வளையல் போட்டுக்கொண்டு, எல்லோருடைய ஆசீர்வாதத்தோடும்.

அவர் உள் அறையில் என் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே உறவுக்காரர்கள் இருக்கும்போது நான் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை. யாரோ கேலியாய்த் தொண்டையைச் செருமினார்கள். அவர் நிமிர்ந்து, "என்னட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்றார்.

"ஒன்னு கேக்கணும்."

"கேளு."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரிடம் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்கவே எனக்குப் பழகப் பல மாதம் ஆனது. பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "செத்துரலாம்னு நினைக்கீங்களா?"

அவர் கையில் ஒரு சேலை பாதி மடித்தபடி இருந்தது. "யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல. நான்தான் கேக்கேன்."

வெளியே பெண்கள் பாட்டை ஆரம்பித்தார்கள்.  அவர் தரையில் உட்கார்ந்தார். சேலையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே சொன்னார். "நீ இருக்கையில வேண்டாம்னு இருந்தேன். நீ ஊருக்குப் போன பொறவுன்னு…" அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் எப்படி என்று கேட்கவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன். "சத்தியத்த முறிச்சிட்டேன்ட்டி. அந்தச் சனிக்கிழம குடிச்சேன். ஒரே ஒரு தரம். பிள்ள மேல கை வச்சுல்லா சொன்னேன். அதுக்கு ஏதாவது ஆகுறதுக்கு முன்னால நான் போயிட்டா, பாவம் என்னோட போயிரும். பிள்ளைய விட்டுரும்."

யோசித்துப் பார், மக்கா. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக உன் அப்பாவை உனக்கு இல்லாமல் செய்யப் பார்த்திருக்கிறார். அவரைக் காப்பாற்ற என்று நாங்கள் வாங்கின சத்தியம் அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் கோபம் வந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்தினபோதுகூட வராத கோபம். அந்தக் கோபம்தான் பேசியது என்று நினைக்கிறேன்.

"அந்தச் சத்தியம் செல்லாது" என்றேன்.

"சூடம் அணைச்ச சத்தியம்ட்டி."

"பிள்ள யாரு வயித்துல இருக்கு?"

"உன் வயித்துல."

"அது மேல சத்தியம் வாங்குததுக்கு எங்கிட்ட யாராவது கேட்டீங்களா? அத்த கேட்டாகளா? நீங்க கேட்டீங்களா? நான் தரல. எம் பிள்ளைய நான் யாருக்கும் ஈடா வைக்கல. பொறவு எப்படி அது செல்லும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்தன்று கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. "நீ இவ்வளவு பேசுவியாட்டி?" என்றார். "இன்னிக்குத்தான் பேசுதேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் மெல்லத் தரையில் உட்கார்ந்தேன். உன்னை வைத்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்று உனக்குத் தெரியாது. கொஞ்சம் தெளிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "இனிமே அப்படி நினைக்க மாட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணட்டுமா?"

"வேண்டாம். சத்தியம் பண்ணுனது போதும். டாக்டரம்மாட்டப் போவோம்."

என் பேச்சால் அவர் சரியாகிவிட்டார் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். அழுது முடித்த பிறகும் அவர் கண் இன்னும் அந்தக் குளத்துக்குள்தான் இருந்தது. எனக்குக் கேட்க மட்டும்தான் தெரிந்தது; அதற்கு மேல் செய்யத் தெரிந்தவர்கள் வேறே. இரத்தத்தில் என்ன வருமோ தெரியாது. உன் அப்பாவுக்கு வந்த தாகமும் வெறுமையும் என்றைக்காவது உனக்கும் வரலாம். வந்தால் உன்னால் எனக்கு அவமானம் என்று நினைக்காதே. என்னிடம் வந்து, நான் கேட்ட மாதிரியே நேராகச் சொல். நான் காதைப் பொத்த மாட்டேன். சத்தியமும் கேட்க மாட்டேன். வேறு யாராவது உன் கண் முன்னால் உப்பில்லாமல் சாப்பிடுவதைப் பார்த்தால், நீயும் கேள். கேட்பதற்குப் பெரிய தைரியம் தேவையில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டாலும் கேட்டுவிடலாம் என்பதற்கு உன் அம்மாவே சாட்சி.

பாட்டு முடிவதற்குள் நான் அத்தையையும் எங்க அப்பாவையும் அடுப்படிக்குக் கூப்பிட்டேன். அத்தை, "என்னட்டி, சந்தனங்கூடக் காயல, அதுக்குள்ள என்ன?" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். "இவுக சாகணும்னு நினைக்காக" என்றேன். எங்க அப்பா கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அத்தை என்னை அடிக்க வருகிறவள் போல வந்தாள்.

"எம் பிள்ளையா? சாமி மாதிரில்லா இருக்கான்!"

"சாமி மாதிரி இருக்காகன்னுதான் அத்த சொல்லுதேன்."

அவளுக்கு டாக்டரம்மா சொன்ன வார்த்தைகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. உள் அறைக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம். தரையில் இருந்த உன் அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். "ஏலே, குடிச்சியா?" அவர், "ஆமாம்மா" என்றார். வெளியே எல்லோரும் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மூச்சு வாங்கினாள். "குடிச்சா குடிச்சிட்டுப் போலே" என்றாள். "நீ இருலே. எனக்கு நீ இருந்தாப் போதும்லே." அவள் நெற்றியை அவர் தலையில் முட்டி முட்டி அழுதாள். சத்தியத்தை அவள்தான் கட்டினாள், அவிழ்த்ததும் அவள்தான். நான் பேசினதைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நானும் அத்தையுமாக அவரை இப்போதே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றேன். எங்க அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "தாயி, வளைகாப்பு முடிஞ்ச பொண்ணு நேரா வீட்டுக்கு வரணும். ராயகிரில ஆரத்தி கரைச்சு வச்சிட்டுக் காத்துக் கெடக்காக. மாப்ளைய அவுக அம்மா கூட்டிட்டுப் போகட்டும், நீ என்கூட வா. ஊரு என்ன பேசும்?" என்றார். உன் அப்பாவும், "நீ போட்டி, நான் அம்மாகூடப் போய்க்கிடுதேன்" என்றார். நான் அவரிடம், "போற வழியில உங்களுக்கு அந்த நினைப்பு வந்தா யாருட்டச் சொல்லுவீங்க?" என்றேன். அவர் யோசித்து, "உங்கிட்ட" என்றார்.  எங்க அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்கினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஊர்வலம் போலத்தான் போனோம். வந்த பெண்கள் என்ன ஏது என்று தெரியாமல் பின்னால் வந்தார்கள். சிவகிரி வழியாக ராயகிரி போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. எங்க அப்பா அவர்களை அதில் ஏற்றி, தானும் படியில் கால் வைத்து, ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். மேற்கே மலைப் பக்கமிருந்து காற்று வந்து என் தலைப் பூவை உதிர்த்தது. தள்ளி, புளியமரத்தடியில், திருநெல்வேலி பஸ் நின்றது. அத்தை கட்டுச்சோற்றுப் பையோடு முதலில் ஏறி இடம் பிடித்தாள். நான் உன் அப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்ததும், முன்பின் தெரியாத ஆண்பிள்ளையிடம் அதுவரை வாயைத் திறந்தே இராத நான், வளையல் கையை நீட்டி, "திருநெல்வேலிக்கு மூணு" என்று கேட்டேன்.